பிடிபட்டவனின் பசி

(இஸ்லாத்தில் போர்க்கைதிகளின் உரிமைகள் குறித்து ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஸஹீஹ் முஸ்லிம் என்ற நபிமொழித் தொகுப்பில் இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அறிவிக்கும் ஒரு நிகழ்ச்சி உண்டு. ஸகீஃப் குலத்தார் நபித்தோழர்கள் இருவரைப் பிடித்து வைத்திருந்த நேரம் அது. ஸகீஃபுக்கு நட்புக் குலம் பனூ உகைல். அந்த உகைல் குலத்தவன் ஒருவன் முஸ்லிம்களின் கையில் அகப்பட்டான். கயிற்றால் கட்டிப் போட்டிருந்தார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அந்தப் பக்கமாக வந்தபோது, முஹம்மதே, முஹம்மதே என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டான். அருகில் வந்து என்ன வேண்டும் என்று கேட்டார்கள். என்னை ஏன் பிடித்தீர்கள் என்றான். உன் கூட்டாளிக் குலத்தார் செய்த குற்றத்துக்காக என்று சொல்லிவிட்டு நடந்தார்கள். மறுபடியும் கூப்பிட்டான். மறுபடியும் திரும்பி வந்தார்கள். நான் முஸ்லிம் என்றான். நீ சுதந்திரமாக இருந்தபோது அதைச் சொல்லியிருந்தால் முழு வெற்றி பெற்றிருப்பாய் என்று பதில் சொல்லி நகர்ந்தார்கள். மூன்றாவது முறையும் கூப்பிட்டான். மூன்றாவது முறையும் வந்தார்கள். பசிக்கிறது, சாப்பிடக் கொடுங்கள். தாகமாயிருக்கிறது, குடிக்கக் கொடுங்கள் என்றான். இது உன் தேவை, இதோ என்றார்கள். பிறகு அந்த இரண்டு தோழர்களுக்கு ஈடாக அவன் விடுவிக்கப்பட்டான்.

பிறர் செய்த குற்றத்துக்காக ஒருவரைப் பிடித்து வைப்பதை இன்றைய சர்வதேசச் சட்டம் தடை செய்கிறது. ஏழாம் நூற்றாண்டு அரபுக் குலச் சமூகத்தில் அது எல்லாரும் அறிந்த வழக்கம். அந்த வேறுபாட்டை நான் மறைக்கவில்லை. நான் உங்களைப் பார்க்கச் சொல்வது வேறொன்றை. கட்டுண்டு கிடப்பவன் மதீனாவின் தலைவரைப் பெயர் சொல்லி மூன்று முறை அழைக்கிறான்; மூன்று முறையும் அவர் திரும்பி வருகிறார். ஒருவனைப் பிடித்துவிட்ட கணத்திலிருந்து அவனுடைய பசியும் தாகமும் பிடித்தவரின் கணக்கில் ஏறிவிடுகின்றன. இன்று மாலை நான் சொல்ல வந்தது முழுக்க இதைச் சுற்றித்தான்.

பத்ருப் போருக்குப் போவோம். ஹிஜ்ரி 2, ரமளான் 17. கிறிஸ்தவக் கணக்கில் 624ஆம் ஆண்டு மார்ச். முந்நூறு பேரைச் சற்றுத் தாண்டிய முஸ்லிம் படை குறைஷியரில் 70 பேரைக் கொன்றது, 70 பேரைச் சிறை பிடித்தது. அந்த எழுபது பேர் யாரென்று நினைத்துப் பாருங்கள். மக்காவில் இவர்களை அடித்தவர்கள், வீட்டை விட்டுத் துரத்தியவர்கள், விட்டு வந்த சொத்தை எடுத்துக்கொண்டவர்கள். பிடித்தவர்களோ அவர்களுடைய அண்ணன் தம்பிகள், மருமகன்கள், பழைய அண்டைவீட்டார். பழிதீர்க்க அரபு நாட்டில் அதைவிட நல்ல நாள் வாய்த்திருக்காது. அந்த நாளில் நபிகளார் கைதிகளைத் தோழர்களிடையே பிரித்துக் கொடுத்து, இவர்களிடம் நல்லபடியாக நடந்துகொள்ளுங்கள் என்று கட்டளையிட்டார்கள்.

அந்தக் கட்டளை எப்படி நிறைவேறியது என்பதற்குக் கைதி ஒருவரே சாட்சி. அவர் பெயர் அபூ அஸீஸ் பின் உமைர். குறைஷியரின் கொடி பிடித்து வந்தவர். அவருடைய உடன்பிறந்தவர்தான் முஸ்அப் பின் உமைர் (ரலி), மதீனாவில் முதன்முதலாகக் குர்ஆன் கற்றுக்கொடுத்தவர். அபூ அஸீஸ் பின்னாளில் சொன்னதை வரலாற்று நூல்கள் பதிவு செய்துள்ளன. மதீனாவின் முஸ்லிம்களான அன்சாரிகள் அவரை ஊருக்கு அழைத்து வந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் ரொட்டியை அவரிடம் கொடுத்துவிட்டுத் தாங்கள் பேரீச்சம்பழம் தின்றார்களாம். யார் கையில் ஒரு துண்டு ரொட்டி கிடைத்தாலும் அதை அவரிடம் நீட்டினார்களாம். வெட்கப்பட்டு அவர் திருப்பிக் கொடுத்தால், தொடாமலே மறுபடி அவரிடம் தள்ளினார்களாம். மதீனாவில் பேரீச்சை மரம் வீட்டுக்கு வீடு உண்டு. கோதுமையோ வெளியூர்ச் சரக்கு, விலை கூடியது. தம்மைக் கொல்ல வந்தவருக்கு விலை கூடிய உணவைக் கொடுத்துவிட்டு, இருப்பதில் மலிவானதைத் தாங்கள் உண்டார்கள்.

இதே அபூ அஸீஸை முஸ்அப் கட்டுண்ட நிலையில் பார்த்தார். பிடித்திருந்த அன்சாரியிடம், இவரை இறுக்கிக் கட்டுங்கள், இவர் தாயார் வசதியானவர், நல்ல ஈட்டுத்தொகை கிடைக்கும் என்றாராம். சகோதரரே, எனக்காக நீங்கள் பேசும் பேச்சா இது என்று அபூ அஸீஸ் மனம் நொந்து கேட்டார். இந்த அன்சாரிதான் இப்போது என் சகோதரர் என்று முஸ்அப் பதில் சொன்னார். தாயார் 4,000 திர்ஹம் அனுப்பி மகனை மீட்டுக்கொண்டார். முஸ்அபின் சொல்லில் இருக்கும் கடுமையை நான் மெழுகிவிட விரும்பவில்லை. ஒரே மனிதருக்கு ரொட்டியும் கிடைத்தது, இறுக்கமான கயிறும் கிடைத்தது. கைதி கைதிதான்; தப்பி ஓடவிடமாட்டார்கள். ஆனால் பட்டினி போடமாட்டார்கள்.

கயிற்றைப் பற்றியும் ஒரு செய்தி இருக்கிறது. கைதிகளில் நபிகளாரின் சிறிய தந்தை அப்பாஸும் இருந்தார். கட்டின் வலியில் அவர் முனகியது கேட்டு நபிகளாருக்கு உறக்கம் வரவில்லை. அதை அறிந்த ஒருவர் போய் அப்பாஸின் கட்டைத் தளர்த்திவிட்டார். முனகல் ஏன் கேட்கவில்லை என்று விசாரித்தபோது உண்மை தெரிந்தது. அப்படியானால் எல்லாக் கைதிகளின் கட்டுகளையும் தளர்த்துங்கள் என்றார்கள். சிறிய தந்தையின் முனகல்தான் அவர்களைத் தூங்கவிடவில்லை, அது மனித இயல்பு. அந்த இரக்கம் உறவுக்காரரோடு நின்றுவிடாமல் அடுத்து கிடந்தவர்களையும் எட்டியது. அதே அப்பாஸுக்கு ஈட்டுத்தொகையைத் தள்ளுபடி செய்கிறோம் என்று அன்சாரிகள் முன்வந்தபோது, ஒரு திர்ஹம்கூடக் குறைக்காதீர்கள் என்று நபிகளார் மறுத்ததை புகாரியின் நபிமொழித் தொகுப்பு பதிவு செய்கிறது. வலியைக் குறைப்பதில் எல்லாரும் சமம், பணத்தைக் கட்டுவதிலும் எல்லாரும் சமம். அப்பாஸுக்குப் போட்டுக்கொள்ளச் சட்டை இல்லாமல் இருந்தது. உயரமான உடம்பு அவருக்கு. மதீனாவாசி அப்துல்லாஹ் பின் உபையின் சட்டைதான் பொருந்தியது என்பதால் அதை வாங்கி அணிவித்தார்கள். உணவு, உடை, வலிக்காத கட்டு. ஒரு மனிதன் மனிதனாக இருக்க இதற்குக் கீழே போக முடியாது.

விடுதலை எப்படி நடந்தது? வசதி உள்ளவர்கள் 1,000 முதல் 4,000 திர்ஹம் வரை கொடுத்துப் போனார்கள். கொடுக்க எதுவும் இல்லாத சிலரைச் சும்மாவே விட்டார்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் ஆளுக்குப் பத்துப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தால் போதும் என்று ஏற்பாடு. குர்ஆனைத் தொகுத்த ஸைத் பின் ஸாபித் (ரலி) அப்படி எழுதக் கற்றவர்களில் ஒருவர் என்று சொல்லப்படுகிறது. இதை மேடைகளில் அடிக்கடி கேட்டிருப்பீர்கள். அதிகம் கேட்டிராத ஒரு பகுதி முஸ்னத் அஹ்மதில் இருக்கிறது. ஒரு சிறுவன் அழுதுகொண்டே தந்தையிடம் ஓடி வந்தான். வாத்தியார் அடித்துவிட்டாராம். தந்தைக்குக் கோபம் வந்துவிட்டது. பத்ருக்கு உன்மீது பழிவாங்குகிறான் அந்தப் பொல்லாதவன், இனி அவனிடம் போகவே கூடாது என்றாராம். அந்த ஊரில் நடந்தது வானவர்களின் கதை அல்ல என்பதற்கு இந்தச் சிறுவனின் அழுகை சான்று. காயம் ஆறாத மனிதர்கள், எதிரியிடம் தம் பிள்ளைகளை அனுப்பிப் பாடம் படிக்கவைத்தார்கள். அதிலுள்ள சிரமத்தையும் சேர்த்துத்தான் அதன் மதிப்பைப் பார்க்க வேண்டும்.

நபிகளாரின் மகள் ஸைனபின் கணவர் அபுல் ஆஸும் அந்த எழுபதில் ஒருவர். அவரை மீட்க ஸைனப் மக்காவிலிருந்து ஒரு கழுத்துமாலையை அனுப்பினார். அது கதீஜா அம்மையார் மகளுக்குத் திருமணத்தின்போது கொடுத்தது. அதைக் கண்டதும் நபிகளார் நெகிழ்ந்துபோனார்கள். ஆனாலும் ஆணையிட்டு மருமகனை விடுவிக்கவில்லை. நீங்கள் சம்மதித்தால் அவரை விட்டுவிட்டு மாலையையும் திருப்பி அனுப்பலாம் என்று தோழர்களிடம் கேட்டார்கள். கைதிகள் தலைவரின் சொந்த உடைமை அல்ல என்ற எண்ணம் அந்தக் கேள்வியில் இருக்கிறது.

இப்போது குர்ஆன் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். பத்ருக்குப் பின் இறங்கிய அன்ஃபால் அத்தியாயத்தின் 67ஆம் வசனம், உலகப் பொருளை நாடிக் கைதிகளைப் பிடிப்பதைக் கண்டிக்கிறது. பணத்துக்காக ஆள் பிடிப்பது போரின் நோக்கமாகிவிடக் கூடாது. அதே அத்தியாயத்தின் 70ஆம் வசனம் எனக்கு எப்போதும் வியப்பைத் தரும். நபியின் கைகளில் இருக்கும் கைதிகளுக்கு இறைவனிடமிருந்து நேரடியாக ஒரு செய்தியை அனுப்புகிறது அது. உங்கள் உள்ளத்தில் நன்மை இருந்தால் உங்களிடமிருந்து எடுக்கப்பட்டதைவிடச் சிறந்ததை அவன் தருவான் என்ற ஆறுதல். இன்ஸான் அத்தியாயத்தின் 8ஆம் வசனம் நல்லடியார்களை அடையாளம் காட்டும்போது, ஏழைக்கும் அநாதைக்கும் பக்கத்தில் கைதியை நிறுத்தி, இவர்களுக்கு உணவளிப்பவர்கள் என்கிறது. அன்றைக்கு முஸ்லிம்களின் கையிலிருந்த போர்க்கைதி முஸ்லிமல்லாதவனாகத்தான் இருக்க முடியும் என்பதைப் பழைய விரிவுரையாளர்களே சுட்டிக்காட்டியிருக்கிறார்கள்.

சட்டம் என்ற அளவில் மையமானது முஹம்மத் அத்தியாயத்தின் 4ஆம் வசனம். போரில் பிடித்துக் கட்டிய பிறகு இரண்டு வழிகளைச் சொல்கிறது அது: பெருந்தன்மையாக விட்டுவிடுவது, அல்லது ஈடு பெற்று விடுவது. போர் தன் சுமைகளைக் கீழே இறக்கிவைக்கும்வரை என்று ஒரு வரம்பும் கூறுகிறது. கொலை அந்த இரண்டில் இல்லை. அடிமையாக்குவதும் அந்த இரண்டில் இல்லை. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் இதற்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

சித்திரவதை கூடாது என்பதற்கு நான் காட்டும் சான்று சுஹைல் பின் அம்ர். குறைஷியரின் நாவன்மை மிக்க பேச்சாளர். நபிகளாருக்கு எதிராக மக்காவில் பேசிப் பேசி மக்களைத் திரட்டியவர். பத்ரில் பிடிபட்டார். உமர் (ரலி) ஒரு யோசனை சொன்னார்கள்: இவருடைய முன்பற்களைப் பிடுங்கிவிட்டால் இனி எந்த ஊரிலும் நின்று நமக்கெதிராகப் பேச முடியாது. நபிகளார் ஏற்கவில்லை. நான் ஒருவரை அங்கஹீனம் செய்யமாட்டேன், செய்தால் நான் நபியாக இருந்தாலும் இறைவன் என்னை அப்படிச் செய்வான் என்ற பொருளில் பதில் சொன்னார்கள். உமரின் யோசனையில் இராணுவ நியாயம் இருந்தது. எதிரியின் மிகக் கூர்மையான ஆயுதம் அந்த நாக்குதான். ஆனாலும் பிடிபட்டவனின் உடம்பு போர்க்களம் அல்ல. அதே சுஹைல்தான் பின்னர் ஹுதைபிய்யாவில் குறைஷியர் சார்பில் உடன்படிக்கை பேசினார். நபிகளாரின் மறைவுக்குப் பின் மக்கா தடுமாறியபோது, எழுந்து நின்று பேசி அந்த ஊரை நிலைப்படுத்தியதும் அவரே.

ஸுமாமா பின் உஸாலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யமாமாவின் பனூ ஹனீஃபா குலத் தலைவர். மதீனாப் பள்ளிவாசலின் தூணில் கட்டிவைக்கப்பட்டார். மூன்று நாள் நபிகளார் வந்து வந்து அவரிடம் பேசினார்கள். கொன்றால் பழி கேட்க ஆள் உள்ளவனைக் கொல்வீர்கள், விட்டால் நன்றி மறவாதவனை விடுவீர்கள் என்று அவர் தலை நிமிர்ந்தே பதில் சொன்னார். மூன்றாம் நாள் ஈடும் நிபந்தனையும் இல்லாமல் அவிழ்த்துவிடச் சொன்னார்கள். அவிழ்த்த பிறகே, தானாகப் போய்க் குளித்துவிட்டு வந்து இஸ்லாத்தை ஏற்றார். கட்டியிருக்கும்போது யாரும் அவரை மதம் மாற்றவில்லை.

அடுத்து, முஸ்லிம் படையே தவறு செய்த ஒரு நிகழ்ச்சி. மக்கா வெற்றிக்குப் பின் காலித் பின் வலீத் (ரலி) பனூ ஜதீமா குலத்தாரிடம் அனுப்பப்பட்டார்கள். அந்தக் குலத்தார் தாம் இஸ்லாத்தை ஏற்றதைச் சரியான சொல்லில் சொல்லத் தெரியாமல் வேறு விதமாகச் சொன்னார்கள். காலித் அவர்களைச் சிறைபிடித்து, ஒவ்வொருவரும் தம்மிடமுள்ள கைதியைக் கொல்லுமாறு ஆணையிட்டார்கள். அப்துல்லாஹ் பின் உமர் (ரலி) எழுந்து, என் கைதியை நான் கொல்லமாட்டேன், என் தோழர்களும் கொல்லமாட்டார்கள் என்று மறுத்துவிட்டார்கள். செய்தி நபிகளாரை எட்டியபோது அவர்கள் கைகளை உயர்த்தி, இறைவா, காலித் செய்ததற்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்று இரு முறை சொன்னார்கள். புகாரியில் இருக்கும் செய்தி இது. பின்னர் அலீ (ரலி) அனுப்பப்பட்டு, கொல்லப்பட்டவர்களுக்கு இரத்த ஈட்டுத்தொகை கொடுத்தார்கள் என்கின்றன வரலாற்று நூல்கள்.

நான் இளைஞர்களிடம் பேசும் இடங்களிலெல்லாம் இப்னு உமரின் அந்த மறுப்பைச் சொல்லுவேன். தளபதி ஆணையிட்டார், நான் செய்தேன் என்ற வாதத்தை இரண்டாம் உலகப் போருக்குப் பின் நியூரம்பர்க் நீதிமன்றம் ஏற்கவில்லை. இங்கே ஒரு படைவீரர், பெரும் தளபதியின் ஆணைக்கு முன்னால் நின்று மாட்டேன் என்றார். அந்த மறுப்புக்காக நபிகளார் அவரைக் கடிந்துகொள்ளவில்லை.

இனி நம் மேடைகளில் தயங்கித் தாண்டிப் போகும் விஷயங்களுக்கு வருகிறேன். தாண்டிப் போனால் இதுவரை நான் சொன்னதை யாரும் நம்ப வேண்டியதில்லை.

பத்ருக் கைதிகளில் இருவர், உக்பா பின் அபீ முஐத்தும் நள்ர் பின் ஹாரிஸும், கொல்லப்பட்டார்கள். விடுவிக்கப்பட்ட கவிஞர் அபூ அஸ்ஸா, இனிப் போரிடமாட்டேன் என்ற வாக்கை மீறி உஹுதுப் போர்க்காலத்தில் மறுபடி சிக்கியபோது அவரும் கொல்லப்பட்டார். ஹிஜ்ரி 5இல் அகழ்ப் போருக்குப் பின் பனூ குறைளா யூதக் குலத்தின் போரிடும் ஆண்கள் கொல்லப்பட்டார்கள். பெண்களும் பிள்ளைகளும் அடிமைகளானார்கள். கொல்லப்பட்டவர்களின் எண்ணிக்கையைப் பழைய நூல்கள் 400 முதல் 900 வரை பலவிதமாகக் கூறுகின்றன. முற்றுகையின் நடுவில் உடன்படிக்கையை மீறினார்கள் என்பது அவர்கள் மீதான குற்றச்சாட்டு. அவர்களுடைய பழைய நட்புக் குலத்தைச் சேர்ந்த ஸஅத் பின் முஆத் (ரலி) நடுவராக இருந்து அளித்த தீர்ப்பு அது. இந்த மூன்றிலும் போரில் கலந்துகொண்டது என்பதற்கு மேல் ஒரு தனிக் குற்றம் முன்வைக்கப்பட்டது என்பது அறிஞர்களின் விளக்கம். நானும் அப்படியே புரிந்துகொள்கிறேன். ஆனாலும் குறைளாவின் சிறு பிள்ளைகளை நினைக்கும்போது இந்த விளக்கத்தோடு என் மனம் அமைதியாகிவிடுவதில்லை என்பதையும் உங்களிடம் சொல்ல வேண்டும். அன்றைய தீர்ப்பை இன்றைக்கு ஒரு விதியாக எடுத்துக்கொண்டு கைதிகளின் கழுத்தில் கத்தி வைப்பவர்களுக்கு அதில் எந்த அனுமதியும் இல்லை.

ஏன் இல்லை என்றால், மூன்றாண்டு கழித்து ஹுனைன் போரில் நடந்ததைப் பாருங்கள். ஹவாஸின் குலத்தின் சுமார் 6,000 பேர், பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும், கைதிகள். நபிகளார் உடனே பங்கிடவில்லை. அவர்களுடைய குலத்தார் பேச வருவார்கள் என்று பத்து நாளுக்கும் மேலாகக் காத்திருந்தார்கள். வரவில்லை; பங்கீடு முடிந்தது. அதன் பிறகே தூதுக்குழு வந்தது. பொருளா, மக்களா, எது வேண்டும் என்று கேட்டபோது மக்கள் என்றார்கள். நபிகளார் மக்களைத் திரட்டி, மனம் விரும்பி விடுபவர்கள் விடட்டும், ஈடு வேண்டுபவர்களுக்கு அடுத்து வரும் வருவாயிலிருந்து தருகிறேன் என்றார்கள். கூட்டமாக, சம்மதம் என்று குரல் எழுந்தது. அது போதாது என்றார்கள். யார் மனமாரச் சம்மதித்தார், யார் சம்மதிக்கவில்லை என்று இந்தக் கூச்சலில் தெரியாது. போய் உங்கள் பொறுப்பாளர்களிடம் சொல்லி அனுப்புங்கள் என்றார்கள். பிறகு அத்தனை பேரும் விடுதலை. அந்தக் காலத்தில் ஒரு குலமே அடிமையாகியிருக்க வேண்டிய நாள் அது.

அடிமை முறையை முஸ்லிம் அரசுகள் பல நூற்றாண்டுகள் வைத்திருந்தன. போர்க்கைதிகளை அடிமையாக்கலாம் என்று சட்ட அறிஞர்கள் எழுதினார்கள். சிறைப்பட்ட பெண்களை உடைமையாகக் கொள்ளவும் அந்தச் சட்டங்கள் இடம் தந்தன. ரோமரும் பாரசீகரும் செய்தார்களே என்ற பதில் வரலாற்று விளக்கம்தான், நியாயம் ஆகிவிடாது. ஏனென்றால் முஹம்மத் அத்தியாயத்தின் வசனம் அவர்கள் கண்முன்னே இருந்தது. தொடக்கத்திலேயே ஹஸன் அல்பஸ்ரீயும் அதாஃ பின் அபீ ரபாஹும் கைதியைக் கொல்லக் கூடாது என்ற கருத்தில் நின்றார்கள். வசனம் காட்டிய இரண்டு வழிகளே வழி என்றார்கள். மத்ஹபுகள் எனப்படும் சட்டப்பள்ளிகளில் பெரும்பான்மையானவை கொலை, அடிமையாக்கல், ஈடு, விடுதலை என்று ஆட்சியாளருக்குப் பல வழிகளைத் திறந்துவிட்டன. அந்தச் சிறுபான்மைக் குரலே குர்ஆனின் சொல்லுக்கு நெருக்கமானது என்பது என் உறுதியான கருத்து.

ஆனால் அந்தச் சட்ட அறிஞர்கள் பெரும்பணி ஆற்றியதையும் மறுக்க முடியாது. அபூ ஹனீஃபாவின் மாணவர் முஹம்மத் அஷ்ஷைபானீ, 805இல் மறைந்தவர், போரும் உடன்படிக்கையும் குறித்த விதிகளை ‘ஸியர்’ என்ற தனித்துறையாகத் தொகுத்தார். அவருடைய பெருநூலுக்கு விரிவுரை எழுதியவர் ஸரக்ஸீ. மத்திய ஆசியாவின் உஸ்ஜந்த் ஊரில் ஆட்சியாளரின் கோபத்துக்கு ஆளாகிப் பல்லாண்டு சிறையில் கிடந்தவர். கிணறு போன்ற குழிக்குள் இருந்தபடி, மேலே அமர்ந்த மாணவர்களுக்குச் சொல்லச் சொல்ல அவர்கள் எழுதிக்கொண்டார்கள் என்பது வரலாறு. கைதிகள் பற்றிய சட்டத்தை ஒரு கைதியே விரித்துரைத்திருக்கிறார்!

எதிரி நம் ஆட்களைக் கொன்றால் நாமும் கொல்லலாமா? கூட்டத்தில் இந்தக் கேள்வி எப்போதும் எழும். முஆவியா (ரலி) காலத்தில் பைசாந்தியர்கள் உடன்படிக்கையை முறித்தார்கள். அவர்களுடைய பிணையாளிகள் முஸ்லிம்களின் கையில் இருந்தார்கள். அந்தப் பிணையாளிகளைக் கொல்ல மறுத்து முஸ்லிம்கள் விட்டுவிட்டார்கள். துரோகத்துக்குத் துரோகம் பதிலாகாது என்பதே அவர்கள் கொண்ட நிலை. பிறகு வந்த சட்ட நூல்கள் இதை முன்மாதிரியாக எடுத்தாண்டன. ஸலாஹுத்தீன் 1187இல் ஜெருசலேமை மீட்டபோது ஈடு வாங்கியும் வாங்காமலும் ஆயிரக்கணக்கானோரை விட்டதை நீங்கள் நிறையக் கேட்டிருப்பீர்கள். அதே ஆண்டில் ஹித்தீன் களத்தில் பிடிபட்ட டெம்ப்ளர் வீரர்களை அவர் கொல்லச் சொன்னதையும் சேர்த்தே சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

அவரைவிட நான் அதிகம் பேச விரும்புவது அல்ஜீரியாவின் அமீர் அப்துல் காதிரைப் பற்றி. 1832 முதல் 1847 வரை பிரெஞ்சுப் படையை எதிர்த்துப் போராடியவர். எதிரியின் தலையைக் கொண்டுவருபவனுக்குப் பரிசு என்றிருந்த கால வழக்கத்தை அவர் தடுத்தார். கைதியை உயிரோடு நல்ல நிலையில் கொண்டுவருபவனுக்கே பரிசு என்றார். பெண் கைதிகளை அவருடைய தாயார் தம் பொறுப்பில் வைத்துப் பார்த்துக்கொண்டார். அல்ஜியர்ஸின் கத்தோலிக்க ஆயர் துப்பூஷ், பிடிபட்ட ஒரு பிரெஞ்சுக்காரரை விடுவிக்கும்படி கடிதம் எழுதினார். அமீரின் பதில், நீங்கள் ஒருவருக்காக மட்டும் கேட்டிருக்கக் கூடாது, சிறைப்பட்ட கிறிஸ்தவர்கள் எல்லாருக்காகவும் கேட்டிருக்க வேண்டும். உங்கள் சிறைகளில் வாடும் முஸ்லிம்களையும் அதில் சேர்த்திருக்க வேண்டும் என்பதாக இருந்தது. 1841இல் கைதிகள் பரிமாற்றம் நடந்தது. உணவு கொடுக்க முடியாத நிலை வந்தபோது ஈடு வாங்காமலே கைதிகளை அனுப்பியும் இருக்கிறார். பிடித்தவன் சோறு போட முடியாவிட்டால் பிடித்து வைக்கும் உரிமையும் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான நடைமுறை விளக்கம் எனக்குத் தெரியாது.

அந்த வரலாற்றிலும் இருள் இருக்கிறது. 1846 ஏப்ரலில், அமீர் தொலைவில் இருந்தபோது, அவருடைய முகாமில் 200க்கும் மேற்பட்ட பிரெஞ்சுக் கைதிகள் கொல்லப்பட்டார்கள். பட்டினியும் நெருக்கடியும் காரணமாகச் சொல்லப்பட்டன. அடுத்த ஆண்டு டிசம்பரில் அமீரே சரணடைந்தார். அலெக்சாந்திரியாவுக்கோ அக்காவுக்கோ அனுப்புவோம் என்ற வாக்குறுதியின் பேரில் சரணடைந்தவரைப் பிரான்சுக்குக் கொண்டுபோய் தூலோன், போ, அம்புவாஸ் என்று ஐந்தாண்டு அடைத்துவைத்தார்கள். 1852இல்தான் லூயி நெப்போலியன் விடுவித்தார். 1860இல் டமாஸ்கஸில் கலவரம் மூண்டபோது, ஆயிரக்கணக்கான கிறிஸ்தவர்களைத் தம் வீட்டிலும் கோட்டையிலும் வைத்துக் காத்தவர் இதே அமீர்.

நம் காலத்துக்கு வருவோம். 2014 டிசம்பரில் சிரியாவின் ரக்கா அருகே விழுந்த ஜோர்தானிய விமானி முஆத் அல்கஸாஸிபாவை ஐஎஸ் கூட்டத்தார் கூண்டில் வைத்து உயிரோடு எரித்தார்கள். அதைப் படமெடுத்து உலகுக்குக் காட்டினார்கள். மார்க்கத்தின் பெயரால் செய்கிறோம் என்றார்கள். நபிகளார் ஒருமுறை இரண்டு எதிரிகளைப் பெயர் சொல்லி, கிடைத்தால் எரித்துவிடுங்கள் என்று ஆணையிட்டு, படை புறப்படும் நேரத்தில் அந்த ஆணையைத் தாமே திரும்பப் பெற்றதை புகாரி பதிவு செய்கிறது. நெருப்பால் தண்டிப்பது இறைவனுக்கு மட்டுமே உரியது என்று காரணமும் சொன்னார்கள். நபியே தம் ஆணையைத் திரும்பப் பெற்ற இடத்தில் இவர்கள் தீ மூட்டினார்கள். அதே கூட்டத்தார் ஸிஞ்சாரில் யஸீதிப் பெண்களைப் பிடித்து விற்றார்கள். 2014 செப்டம்பரில் உலகெங்கிலுமிருந்து 120க்கும் மேற்பட்ட அறிஞர்கள் அவர்களின் தலைவருக்குத் திறந்த மடல் எழுதி, அடிமை முறையை மீண்டும் கொண்டுவருவது இஸ்லாத்தில் விலக்கப்பட்டது என்று அறிவித்தார்கள். பழைய நூல்களின் பக்கங்களைக் காட்டி அநீதியை நியாயப்படுத்த முடியாது என்று நம் காலத்து ஆலிம்கள் எழுத்தில் சொன்ன நாள் அது. அந்த மடலை நம் மதரஸாக்களில் பாடமாகவே வைக்க வேண்டும்.

ஐஎஸ்ஸைக் கண்டிப்பது சுலபம்; நம் அரசுகளைக் கேள்வி கேட்பதுதான் கடினம். ஈரானும் இராக்கும் முஸ்லிம் நாடுகள். இரண்டும் 1949ஆம் ஆண்டின் ஜெனீவா ஒப்பந்தத்தை ஏற்றவை. சண்டை ஓய்ந்ததும் கைதிகளைத் தாமதமின்றித் திருப்பி அனுப்ப வேண்டும் என்கிறது அந்த ஒப்பந்தத்தின் 118ஆம் பிரிவு. போர் தன் சுமையை இறக்கிவைக்கும்வரை என்று குர்ஆன் சொன்னதும் அதே எல்லைதான். இரு நாடுகளின் போர் 1988 ஆகஸ்டில் நின்றது. கடைசிக் கைதிகள் வீடு திரும்பியது 2003இல். பதினைந்து ஆண்டு! இரண்டு பக்கத்திலும் ஐந்து வேளையும் அதே குர்ஆன் ஓதப்பட்டது. அந்தக் கைதிகளின் தாய்மார்களில் எத்தனை பேர் மகனின் முகம் பார்க்காமலே கண்மூடியிருப்பார்கள்!

கடைசியாக ஒன்று. கலீஃபா ஹாரூன் அர்ரஷீதுக்குத் தலைமை நீதிபதி அபூ யூசுஃப் எழுதிக் கொடுத்த ‘கிதாபுல் கராஜ்’ என்ற நூலில் சிறைகளைப் பற்றி ஒரு பகுதி வருகிறது. அன்றைய சிறைவாசிகள் சங்கிலியோடு தெருவில் பிச்சையெடுத்துச் சாப்பிட வேண்டியிருந்தது. அபூ யூசுஃப் கலீஃபாவிடம் வாதாடுகிறார்: பகைவரிடமிருந்து பிடித்த கைதிக்கே தீர்ப்பு வரும்வரை சோறு போட்டு நன்றாக நடத்த வேண்டும் என்பது சட்டம், அப்படியிருக்க, தவறு செய்துவிட்ட நம்மவன் ஒருவன் பசியால் சாகலாமா? போர்க்கைதியின் உரிமை அவருக்கு அளவுகோல். அதைக் கொண்டு சொந்த நாட்டுச் சிறையை அளக்கிறார். குளிர்காலத்துக்கு ஒரு உடை, கோடைக்கு ஒரு உடை என்று எழுதுகிறார். ரொட்டியாகக் கொடுக்க உத்தரவிட்டால் காவலர்கள் எடுத்துக்கொள்வார்கள் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆகவே காசாகக் கொடுங்கள். நம்பிக்கையான ஒருவரை நியமித்து, எல்லாருடைய பெயரையும் ஏட்டில் எழுதி, மாதந்தோறும் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்து அவரவர் கையிலேயே கொடுக்கச் சொல்லுங்கள் என்கிறார்.

பெயர்ப்பட்டியல் என்பது சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஜெனீவா ஒப்பந்தமும் அதைத்தான் கேட்கிறது: பிடித்தவர்களின் பெயரைப் பதிவு செய்து, அவர்களுடைய நாட்டுக்கும் குடும்பத்துக்கும் தெரியப்படுத்த வேண்டும். பட்டியலில் பெயர் ஏறாத கைதியை அடிக்கலாம், கொல்லலாம், பிடிக்கவே இல்லை என்று சொல்லிவிடலாம். இன்று நடக்கும் போர்களில், முஸ்லிம் நாடுகள் நடத்துபவை உட்பட, மகன் உயிரோடிருக்கிறானா என்றே தெரியாமல் குடும்பங்கள் காத்திருக்கின்றன. இந்த அவையில் இருக்கும் ஆலிம்களிடமும் வழக்கறிஞர்களிடமும் நான் கேட்பது இதுதான்: அடுத்த முறை எந்த அரசானாலும், எந்த இயக்கமானாலும், அவர்களுடைய வீரத்தைப் பாராட்டித் தீர்மானம் போடும் முன், பிடித்தவர்களின் பட்டியலை வெளியிட்டார்களா என்று கேளுங்கள். வெளியிடவில்லை என்றால் அந்தத் தீர்மானத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.